பனியில் நிற்கும் பனைகள்

(லண்டனில் தமிழ் வீட்டுத் தோட்ட ஆர்வலர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இந்த ஊரில் தோட்டத்தைப் பற்றிப் பேச எழுந்தாலே முதல் வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "இங்கே தென்னை வைக்கலாமா?" கையோடு அடுத்தது: "அப்ப, நம்ம ஊர்ப் பனை?" இரண்டுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு நிம்மதியாகப் பேசலாம். தென்னை ஆகாது. வெப்பம் பத்து டிகிரியை ஒட்டி இறங்கினாலே அது வளர்வதை நிறுத்திவிடும். கடுமையாக உறைந்த ஓர் இரவு போதும், குருத்து போய்விடும். யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் நிற்கிற நம் பனை வறட்சியைத் தாங்கும், உப்புக்காற்றைத் தாங்கும். நான்கு மாதம் குளிர்ந்த சேற்றில் கால் வைத்து நிற்கச் சொன்னால் அதனால் முடியாது. கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் காப்பாற்றட்டும். இன்று நான் பேச வந்தது வெளியே, வெறும் மண்ணில், மழையையும் உறைபனியையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கக்கூடிய பனைகளைப் பற்றி. பனை என்று நான் சொல்லும்போது அந்தக் குடும்பம் முழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குடும்பம் அது. ஏறக்குறைய 2,600 இனங்கள். மிகப் பெரும்பாலானவை உறைபனி என்றால் என்னவென்றே அறியாத இடங்களில் வாழ்கின்றன. பிரிட்டனில் துணிந்து வெளியே வைக்கக்கூடியவற்றை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் பனை இந்த மண்ணுக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். உங்கள் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே, அந்த லண்டன் களிமண், அது கடலடியில் படிந்து ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தேம்ஸ் கழிமுகத்தில் ஷெப்பி தீவின் கரையோரம் அந்தக் களிமண் சரியும் இடங்களில் நிப்பா பனையின் காய்கள் கல்லாகிக் கிடைக்கின்றன. இன்று சுந்தரவனத்துச் சதுப்பில் நிற்கிற அதே இனத்தின் உறவு. லண்டன் அன்று அப்படி இருந்தது. இன்று இல்லை என்பதுதான் நம் பிரச்சினை.

இந்தக் கூட்டத்தில் தலைப்பிள்ளை ஒன்று உண்டு. லண்டனில் தெருவுக்குத் தெரு முன்வாசலில் பார்த்திருப்பீர்கள்: ஒல்லியான தண்டு, தண்டைச் சுற்றிப் பழுப்பு நிறப் பன்னாடை, உச்சியில் விசிறி விசிறியாக ஓலை. சூசான் பனை என்பார்கள். தாவரவியல் பெயர் ட்ரக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனியை. சீனாவின் மலைப்பகுதிகளுக்கு உரியது. ஐரோப்பாவுக்கு முதலில் அனுப்பியவர் ஸீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். நாகசாகி துறைமுகத்தில் டச்சுக்காரர்களுக்கு விடப்பட்டிருந்த டெஜிமா என்ற சின்னத் தீவில் வேலை பார்த்தவர். 1830-ல் அவர் மூலமாக அது ஹாலந்து வந்தது. ஆனால் பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் வேறொருவர்: ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சீனத் தேயிலைச் செடிகளை மறைவாகக் கிளப்பிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இமயமலைச் சரிவுகளுக்கு அனுப்பிய அதே ஆசாமிதான். 1840-களில் சூசான் தீவில், அதாவது இன்றைய ஜௌஷானில், இந்த மரத்தைப் பார்த்தார். அங்கே குடியானவர்கள் அதன் பன்னாடையை உரித்துக் கயிறு திரித்தார்கள், துடைப்பம் கட்டினார்கள், மழைக்குப் போர்த்திக்கொள்ளும் மேலங்கி முடைந்தார்கள். 1849-ல் அவர் அனுப்பிய கன்றுகள் கியூ தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. ஐல் ஆஃப் வைட் தீவில் விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் கட்டிய ஆஸ்போர்ன் மாளிகைத் தோட்டத்துக்கும் போயின. அன்று முதல் இன்று வரை பிரிட்டனில் 'குளிர்தாங்கும் பனை' என்றால் பத்தில் ஒன்பது பேர் சொல்வது இதைத்தான்.

இது தாங்குகிறது, மற்றவை ஏன் தாங்குவதில்லை? இதைப் புரிந்துகொள்ளாமல் கடைக்குப் போனால் காசுதான் கரியாகும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஓக் மரத்தைப் பாருங்கள். குளிர் வரும் என்று தெரிந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போய்விடுகிறது. கிளைக்குக் கிளை மொட்டு. ஆயிரம் மொட்டு கருகினாலும் மீதி ஆயிரம் துளிர்க்கும். தண்டுக்குள் நீரேற்றும் குழாய்கள் உறைந்து அடைபட்டால் அடுத்த வசந்தத்தில் புதிதாக ஒரு வளையம் மரத்தைக் கட்டிக்கொள்கிறது. பனைக்கு இந்த மூன்று வசதியும் கிடையாது. அதற்கு உறக்கம் என்ற ஒன்றே இல்லை. ஆண்டு முழுவதும் ஓலையோடு நிற்கவேண்டும். தனித்தண்டுப் பனைக்கு மொட்டு ஒன்றே ஒன்று, உச்சிக் குருத்துக்கு அடியில். அது செத்தால் மரம் செத்தது. தண்டு பருத்து வளையம் வைப்பதும் இல்லை. கன்றாக இருந்தபோது அடித்தண்டில் எந்தக் குழாய்கள் உருவாயினவோ, நூறு வயதிலும் அதே குழாய்கள்தான் நீரேற்றவேண்டும். மாற்று உறுப்பு கிடையாது.

ஆகவே குளிர் ஒரு பனையைத் தாக்கும் வழிகள் பல. ஓலை கருகுவது கண்ணுக்குத் தெரியும். அதுதான் மிகவும் அற்பமான சேதம். ஓலை போனால் வேறு ஓலை வரும். தண்டுக்குள் குழாய் அடைபட்டால் மரம் பச்சையாகவே நின்று மெல்ல மெல்ல இளைக்கும். மண் உறைந்து காற்றும் வீசினால், ஓலை நீரை விட்டுக்கொண்டே இருக்க வேரால் எடுக்க முடியாமல் போகும். அது தாகத்தில் சாவது, பார்ப்பவர்கள் குளிரில் செத்தது என்பார்கள். எல்லாவற்றிலும் மோசமானது குருத்தில் நீர் தேங்குவது. மழைநீர் குருத்தின் மடிப்புக்குள் இறங்கி உறைந்து, இளகி, மறுபடி உறைந்து, அந்தப் பிஞ்சுத் திசுவைக் கிழிக்கும். காயத்தில் பூசணமும் பாக்டீரியாவும் குடியேறும். குளிரில் அவையும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் பிப்ரவரியில் ஒன்றும் தெரியாது. ஏப்ரலில் வெயில் வந்து, அப்பாடா என்று நீங்கள் மூச்சு விடும் நேரத்தில், நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் அழுகல் வாடையோடு முழுதாகக் கையில் உருவி வரும்.

இப்போது விலைச்சீட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு வருகிறேன். 'மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும்' என்று போட்டிருப்பான். பொய் என்று சொல்லமாட்டேன். வேரூன்றிய, தண்டு விட்ட, வடிகால் உள்ள இடத்தில் நிற்கிற சூசான் பனை ஒரு இரவு, இரண்டு இரவு அந்தக் குளிரைத் தாங்கும். அதற்குக் கீழேகூடச் சில தாங்கியிருக்கின்றன. ஆனால் மரத்துக்கு வெப்பமானியின் ஓர் இரவுக் கணக்கு போதாது. எத்தனை நாள் உறைந்தது, பகலில் இளகியதா இல்லையா, அப்போது குருத்து நனைந்திருந்ததா, அதற்கு முந்தைய கோடையில் அது எவ்வளவு வெயில் கண்டிருந்தது, எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு. வறண்ட குளிரில் மைனஸ் பன்னிரண்டைத் தாண்டிய மரம், ஈரத்தோடு வாரக்கணக்கில் மைனஸ் ஐந்தில் கிடந்தால் விழுந்துவிடலாம்.

2010 டிசம்பர் இதற்குப் பெரிய பாடம். 1910-லிருந்து வைத்திருக்கும் தேசியப் பதிவில் பிரிட்டனுக்கு அதைவிடக் குளிர்ந்த டிசம்பர் இல்லை. வட அயர்லாந்தில் காசில்டெர்க் என்ற ஊரில் மைனஸ் 18.7 வரை இறங்கியது. அதற்கு ஓரிரு ஆண்டு முன்புவரை பல குளிர்காலங்கள் மிதமானவை. அந்தத் தைரியத்தில் கேனரித் தீவுப் பேரீச்சையை வாங்கி வாங்கி நட்டிருந்தார்கள்; அந்த ஒரு மாதத்தில் பல தோட்டங்களில் அவை கருகிப் போயின. கார்டிலைன் என்ற நியூசிலாந்துச் செடியும் அயர்லாந்து முழுவதும் கூட்டம் கூட்டமாக விழுந்தது. நடுவே ஒரு வார்த்தை: டார்க்கீ கடற்கரையிலும், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பிளாக்டன் என்ற சிற்றூரிலும் 'பனைமரம்' என்று படம் எடுத்துப் போடுகிறார்களே, அது இந்தக் கார்டிலைன்தான். அது பனையே இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். நல்ல செடிதான், குறை சொல்லவில்லை. பனை வேண்டும் என்று வந்தவர் அதை வாங்கிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்ணை நம்பி ஏமாறும் இன்னொரு வழி, மண்டல வரைபடம். அமெரிக்க வேளாண் துறை வெளியிடும் அந்த வரைபடத்தை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஓர் இடத்தில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு எவ்வளவு இறங்குகிறது என்பதை முப்பது ஆண்டுக்குச் சராசரி எடுத்து மண்டலம் பிரிப்பது. அதன்படி லண்டன் புறநகரும் வட ஃபுளோரிடாவும் ஏறக்குறைய ஒரே மண்டலம்! அங்கே ஜூலைப் பகல் சாதாரணமாக 33 டிகிரி. இங்கே 23, 24 வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுக்கிறோம். வரைபடம் குளிரை மட்டும் அளக்கிறது, கோடையை அளப்பதில்லை.

இதன் விளைவை ஊசிப் பனையில் பார்க்கலாம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், ஜார்ஜியா, அலபாமா, ஃபுளோரிடாப் பக்கத்துக் காட்டுச் சரிவுகளில் வளர்வது. மட்டையடியில் நீள நீளமாகக் கறுப்பு ஊசிகள், குருத்துக்கு வேலி போட்டதுபோல. உலகத்துப் பனைகளிலேயே அதிகம் குளிர் தாங்குவது எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள்; மைனஸ் 20-ஐத் தாண்டியும் பிழைக்கும். அப்படியானால் லண்டனில் ராஜாவாக இருக்கவேண்டும் அல்லவா? இருக்காது. இங்குள்ள கோடை அதற்குக் கோடையே இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஓலை விட்டுக்கொண்டு, சாகாமலும் வளராமலும் உட்கார்ந்திருக்கும். குளிரில் பட்ட காயத்தை ஆற்றிக்கொள்ள வெயில் வேண்டும். வெயில் இல்லாத ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் முந்தைய காயத்தின் மேலேயே விழுகிறது. தெக்சாஸ் முதல் வட கரோலினா வரை பரவியிருக்கிற குள்ள சாபால் பனைக்கும் இதே கதைதான். சூசான் பனை இங்கே வென்றதற்குக் காரணம் அது அதிகக் குளிர் தாங்குவது மட்டுமன்று. மலை மரமாதலால், குளுமையான கோடையிலேயே அது தழைக்கும். வெப்பமண்டலச் சமவெளியில் கொண்டுபோய் வைத்தால்தான் வாடும்.

ஆகவே என் யோசனை ஒன்றே: பனையைக் குளிர்காலத்துக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் கோடைக்காகத் தேர்ந்தெடுங்கள். கோடையில் நன்றாக வளர்கிற மரம் குளிர்காலத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு டிசம்பரிலும் துணி சுற்றிக் கட்டிய ஒரு பொம்மை நிற்கவேண்டும் என்றால், அந்த மரம் உங்களுக்கு உகந்ததில்லை.

அந்தக் கணக்கில் பிரிட்டனில் எதெது தேறும்? சூசான் பனைக்கு அடுத்தபடியாக நான் சொல்வது அதன் சிறிய உருவமான வாக்னேரியானஸ். காட்டில் எங்கும் காணப்படாதது; ஜப்பானியத் தோட்டங்களில் வளர்ந்து வந்தது. ஓலை சிறியது, விறைப்பானது. சூசான் பனையின் பெரிய குறை, காற்றில் ஓலை ஒடிந்து கந்தலாகத் தொங்குவது. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. நம்மில் பலருக்கு வீட்டுக்குப் பின்னால் இருப்பது நீண்டு ஒடுங்கிய ஒரு துண்டு நிலம். அதற்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இமயமலைக்காரர் ஒருவரும் உண்டு. உத்தரகண்டின் குமாவூன் பகுதியில் பித்தோராகருக்கு அருகே தல்கேதார் மலையில், 2,000 மீட்டருக்கு மேல், குளிர்காலத்தில் பனி மூடும் சரிவில் வளர்கிற ட்ரக்கிகார்ப்பஸ் தகில். இத்தாலியரான பெக்காரி 1905-ல் இதை வகைப்படுத்திப் பெயரிட்டார். நம் நாட்டுப் பனைகளில் பிரிட்டனின் குளிருக்குச் சவால் விடக்கூடியது இதுதான். ஆனால் எச்சரிக்கை: தகில் என்று விதை விற்பவர்கள் கொடுத்ததில் பெரும்பகுதி சாதாரணச் சூசான் பனையாகவே முடிந்திருக்கிறது. சின்னக் கன்றில் வித்தியாசம் தெரியாது. டார்ஜிலிங் பக்கத்திலிருந்து இன்னொன்று, அகன்ற ஓலைப் பிளவுகள் கொண்ட லாட்டிசெக்டஸ். டார்ஜிலிங்கின் விண்டமியர் ஓட்டலில் நின்ற மரங்களைக் கண்டு தேடத் தொடங்கி, 1997-ல்தான் தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். மார்ட்டின் கிப்பன்ஸ், டோபியாஸ் ஸ்பானர் என்ற இருவருக்கு அதில் பங்கு உண்டு. தொழில்முறைப் பேராசிரியர்கள் என்று எண்ணாதீர்கள், பனைக்கன்றும் விதையும் விற்கிறவர்கள். யுன்னான் மலைகளில் ஏறி இறங்கி, ஓலையின் அடிப்புறம் வெள்ளை பூசியது போன்ற பிரின்செப்ஸ் என்ற அழகான இனத்தையும் உலகுக்குக் காட்டினார்கள். லாட்டிசெக்டஸ் தாழ்வான சரிவுகளிலும் வளர்வதால் குளிர்தாங்கும் திறன் குறைவு; மதிலோரம் வைக்கலாம்.

ஐரோப்பாவின் சொந்தப் பனை கமேரோப்ஸ். ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸின் தெற்குக் கரை என்று மத்தியதரைக் கடலின் மேற்குப் பாதியைச் சுற்றிக் காட்டில் விளைவது. அடியிலிருந்தே பல தண்டு விட்டுப் புதர்போல நிற்கும். மட்டை முழுக்க முள். ஒரு தண்டு போனாலும் அடியிலிருந்து இன்னொன்று வரும் என்பது இதன் தனிச் சிறப்பு. ஒற்றை மொட்டுக்காரர்களுக்கு இல்லாத பாக்கியம். மைனஸ் எட்டு, ஒன்பது வரை கவலையில்லை. இதில் ஒரு மரத்துக்கு இலக்கிய வரலாறே உண்டு. இத்தாலியில் பாதுவா தாவரவியல் தோட்டத்தில் 1585-ல் நட்ட கமேரோப்ஸ் இன்னும் உயிரோடு நிற்கிறது. 1786-ல் அங்கே போன ஜெர்மானியக் கவிஞர் கதே அதன் முன்னால் நின்று யோசித்தார். அடியில் ஈட்டிபோல ஒற்றையாக வரும் இலை மேலே போகப்போகப் பிளந்து விசிறியாவதைக் கவனித்தார். செடியின் உறுப்புகளெல்லாம் ஒரே அடிப்படை உருவின் மாற்றங்கள் என்று 1790-ல் அவர் எழுதிய நூலுக்கு அங்கே விதை விழுந்தது. அந்த மரத்துக்கு எண்கோணத்தில் ஒரு கண்ணாடி மாளிகை கட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் கமேரோப்ஸுக்கு மாளிகை வேண்டாம். தெற்கு பார்த்த சுவர் போதும்.

சிலி நாட்டு ஜுபேயாவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பனைகளில் இத்தனை பருத்த தண்டு வேறெதற்கும் இல்லை என்றே சொல்லலாம். 1834-ல் சார்ல்ஸ் டார்வின் சிலியில் இவற்றைப் பார்த்தார். அழகில்லாத மரம் என்று எழுதிவைத்தார். அதை நான் ஒப்பமாட்டேன். ஆனால் அவர் தந்த செய்தி நமக்கு முக்கியம். மரத்தை வெட்டிச் சாய்த்து, கொண்டையை நீக்கி, நுனியிலிருந்து மாதக்கணக்கில் சாறு இறக்கிப் பாகு காய்ச்சினார்கள். நல்ல மரம் தொண்ணூறு காலன், அதாவது நானூறு லிட்டர் தரும். மரம் மலைச்சரிவில் மேல்நோக்கித்தான் விழவேண்டும், கீழ்நோக்கி விழுந்தால் சாறு வராது என்றும் குறித்திருக்கிறார். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிற நமக்கு இதைப் படித்தால் நெஞ்சு பதறும். பாளையைச் சீவினால் தலைமுறைக்கும் தரக்கூடிய குடும்பத்து மரத்தை ஒரே பாகுக்காக வெட்டினார்கள். அந்தக் காடுகள் சுருங்கிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1840-களில் விதையிலிருந்து வளர்த்த ஒரு ஜுபேயா கியூவின் மிதவெப்பக் கண்ணாடி மாளிகையில் கூரையை முட்டிக்கொண்டு நின்றது. 2013-க்கும் 2018-க்கும் இடையே அந்த மாளிகையைச் சீரமைத்தபோது அதைப் பெயர்க்கவும் வழியில்லாமல் வெட்டிவிட்டார்கள். ஜுபேயா மைனஸ் பத்து, பன்னிரண்டு வரை தாங்கும். குளுமையான கோடையும் அதற்குச் சம்மதம். ஒரே நிபந்தனை: நடுகிறவர் பொறுமைசாலியாக இருக்கவேண்டும். தண்டு என்று ஒன்று தெரிவதற்கே பல ஆண்டு ஆகும். பேரப்பிள்ளைக்கு வைக்கும் மரம். தெற்குக் கரையோர ஊர்களில் இருப்பவர்கள் துணியலாம்.

ப்யூட்டியா, வாஷிங்டோனியா, மெக்சிகோவின் நீலப்பனை எல்லாம் கேட்பீர்கள். லண்டன் நகரின் உள்ளே, சுவர்களின் கதகதப்பில் தப்பிக்கலாம்; நகர எல்லையைத் தாண்டினால் சூதாட்டம்.

இனி நடவு. இங்கே எல்லாரும் மரத்தை அக்டோபர், நவம்பரில் நடச் சொல்வார்கள். இலையுதிர் மரத்துக்கு அது சரி. பனையை அப்போது நட்டால் வேர்விடாத செடி நேராகக் குளிர்காலத்துக்குள் போய் விழும். பனை வேர் மண் சூடேறினால்தான் ஓடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை நடுங்கள். ஒரு முழுக் கோடையும் அதற்குக் கிடைக்கட்டும்.

இடம் பார்க்கும்போது காற்றையும் கவனியுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து தாழ்வான மூலையில் போய்த் தேங்கும். மழைநீர் தேங்கும் பள்ளத்திலேயே பெரும்பாலும் உறைபனியும் தேங்கும். தோட்டத்தின் கடைசியில், வேலியடியில், தாழ்ந்து கிடக்கும் இடம் கண்ணுக்கு அழகாக இருக்கும், அங்கே வைக்காதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் பகலில் செங்கல் வாங்கிய சூடு இரவில் மரத்துக்கும் கொஞ்சம் கிடைக்கும். களிமண்ணில் குழி வெட்டி உள்ளே மட்டும் நல்ல மண் நிரப்புவது பலர் செய்வது. அந்தக் குழி குளிர்காலத்தில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அதைவிடக் களிமண்ணையே அகலமாகக் கொத்தி, மட்கிய உரமும் பருமணலும் கலந்து, தரையைவிட ஒரு சாண் உயர்த்தி மேடு கட்டி அதில் நடுங்கள். தொட்டியில் இருந்த ஆழமே மண்ணிலும் இருக்கட்டும். தண்டு நேராக நிற்கவேண்டும் என்று ஆழமாகப் புதைத்தால் குருத்தடி அழுகும்.

எவ்வளவு பெரிய கன்று? முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை, விரல் கனமாவது தண்டு தெரிகிற கன்று. அதற்கும் சிறியதை மண்ணில் வைத்தால் முதல் குளிர்காலமே அதற்கு ஆபத்து. தொட்டியில் இன்னும் இரண்டு கோடை வளரட்டும். ஆளுயரத் தண்டோடு லாரியில் வந்து இறங்கும் மரங்களை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவை பெரும்பாலும் இத்தாலி, ஸ்பெயின் வயல்களில் வேரறுத்து எடுத்தவை. விலையும் அதிகம், வேர் பிடிக்கவும் காலம் ஆகும், அதற்குள் பக்கத்தில் நட்ட சின்னக் கன்று தளதளவென்று கிளம்பியிருக்கும். நல்ல இடத்தில் சூசான் பனை ஆண்டுக்கு ஒரு சாண் உயரம் வைக்கும்.

கோடையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள். பனை என்றாலே வறட்சிக்கு என்று நாம் பழகிவிட்டோம்; இது மழைமலை மரம். தழைச்சத்தோடு சாம்பல்சத்தும் மெக்னீசியமும் உள்ள உரமாகப் பார்த்து மேயிலிருந்து கொடுத்து, ஆகஸ்டு கடைசியோடு நிறுத்திவிடுங்கள். பச்சையாக இருக்கும் மட்டையை அழகுக்காக வெட்டாதீர்கள். மரம் தன் சாம்பல்சத்தைப் பழைய ஓலையிலிருந்துதான் திரும்ப இழுத்துக்கொள்ளும். தண்டின் பன்னாடையை உரித்து மழமழவென்று வைப்பது இப்போது ஒரு நாகரிகம். சீனாவில் கயிற்றுக்காக உரித்தார்கள். நமக்குக் கயிறு தேவையில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

குளிர்காலத்தில் என்ன செய்வது? வேரூன்றிய சூசான் பனைக்கு லண்டனில் ஒன்றும் செய்யவேண்டாம். முதல் இரண்டு குளிர்காலங்களில் மட்டும் அடியில் மரப்பட்டைத் தூளை நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கடும் குளிர் என்று வானிலை அறிவிப்பு வந்தால் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துத் தளரக் கட்டி, தோட்டக் கடைகளில் விற்கும் வெள்ளை ஃப்ளீஸ் துணியைப் போர்த்தலாம். பிளாஸ்டிக் தாள் கூடவே கூடாது. உள்ளே வேர்க்கும், வேர்த்தது உறையும். குளிர் அலை போனதும் அவிழ்த்துவிடவேண்டும். நவம்பரில் கட்டி மார்ச்சில் அவிழ்ப்பவர்கள் குளிரில் சாகாத மரத்தை அழுகலில் சாகடிக்கிறார்கள். கமேரோப்ஸ், ப்யூட்டியா போன்றவற்றுக்குப் போர்வையைவிடக் குடை நல்லது: மழைநீர் குருத்தில் விழாதபடி மேலே ஒரு மூடி, பக்கங்களில் காற்றோட்டம். ஜெர்மனிக்காரர்கள் மரத்தைச் சுற்றிப் பெட்டி கட்டி, பழைய மாதிரி கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைச் சுற்றி அதன் சூட்டில் காப்பாற்றுவார்கள். இப்போதைய எல்ஈடி சரத்தில் வெளிச்சம் மட்டுமே உண்டு, சூடு கிடையாது. அதைச் சுற்றினால் பண்டிகை கொண்டாடலாம், அவ்வளவுதான். டொராண்டோவில் உறவினர் இருப்பவர்கள் இதை அவர்களிடம் சொல்லுங்கள். மைனஸ் இருபதை எட்டக்கூடிய ஊரில் பெட்டியும் சூடும் இல்லாமல் பேச்சே இல்லை.

வசந்தத்தில் குருத்து உருவி வந்துவிட்டதா? உடனே மண்வெட்டியைத் தேடாதீர்கள். அழுகியதை எல்லாம் எடுத்துவிட்டு, மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை அந்தக் குழிக்குள் ஊற்றுங்கள், நுரைத்து எழும். சில நாள் கழித்து மறுபடி. மேலே ஒரு மூடி வைத்து மழை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் போர்டோ கலவை தெளிப்பார்கள். பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்துக்கு இப்போது அது கடையில் கிடைப்பதில்லை. மொட்டு இன்னும் கீழே, பத்திரமாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டில் அரைகுறையாக, நுனி வெட்டுப்பட்டதுபோல ஓர் ஓலை வெளியே வரும். அது வந்துவிட்டால் மரம் பிழைத்தது. ஒரு கோடை முழுக்கக் காத்திருந்து பார்க்காமல் பனையைத் தோண்டி எறியக்கூடாது.

பூச்சி பற்றி ஒரு நிமிடம். நம் தென்னந்தோப்புக்காரர்களுக்குச் சிவப்புக் கூன்வண்டை அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. தெற்காசியாவின் அந்த வண்டு 1990-களில் இறக்குமதி மரங்களோடு ஸ்பெயினுக்குப் போய், மத்தியதரைக் கடற்கரை முழுவதும் பேரீச்சை வரிசைகளை உள்ளிருந்து தின்று தீர்த்திருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பேசாண்டிசியா என்ற அந்துப்பூச்சியின் புழுவோ, குளிர்தாங்கும் இனங்களாகப் பார்த்து, சூசான் பனையையும் கமேரோப்ஸையும் துளைக்கிறது. விரிந்த ஓலையில் வரிசையாகத் துளைகள் தெரிந்தால் அந்தக் கன்றைத் தொடாதீர்கள். தெற்கு ஐரோப்பாவிலிருந்து வரும் பெரிய மரத்தை வேண்டாம் என்று நான் சொல்ல இது இரண்டாவது காரணம். உள்ளூரில் விதையிலிருந்து வளர்த்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, இதை இந்த நாட்டில் இன்னும் அதிகம் பேசுவதில்லை. குளிரைத் தாங்குகிற மரம் வேலியைத் தாண்டவும் கூடும். சுவிட்சர்லாந்தின் தெற்கில் இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில், ஏரிக்கரைத் தோட்டங்களில் அழகுக்கு வைத்த சூசான் பனையின் பழங்களைப் பறவைகள் தின்று காட்டில் போட்டன. இன்று அங்கே கஷ்கொட்டைக் காட்டுக்கு அடியில் கன்றுகள் கம்பளம் விரித்தாற்போல் எழுந்து, உள்ளூர் மரங்களின் நாற்றுகளுக்கு வெளிச்சம் விடுவதில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் சுவிட்சர்லாந்தில் சூசான் பனையை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை. பிரிட்டனில் அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் தெற்கு இங்கிலாந்துத் தோட்டங்களில் தாய்மரத்தடியில் கன்று முளைப்பது இப்போதே நடக்கிறது, குளிர்காலங்களும் இளகி வருகின்றன. அதற்காக நடவேண்டாம் என்று சொல்லமாட்டேன். இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. வாங்கும்போது தெரியாது, முதல் பாளை விடும்போதுதான் தெரியும். ஆண் பாளை அடர்ந்த மஞ்சள். பெண் பாளை பச்சை கலந்தது, பூ அடர்த்தி குறைவு. உங்களுடையது பெண்ணாக இருந்தால், ஜூன் மாதத்தில் ஓர் ஏணியைச் சாய்த்து, காய் பிடிக்குமுன் பாளையை அடியோடு வெட்டிவிடுங்கள். மரத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது. காய்க்குப் போகிற சத்து ஓலைக்குப் போகும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தென்னையைத் தவிர.